சிவப்பு எட்டிப் பார்க்கிறது

அந்தச் சாயப்பட்டறையில் கண்ணக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. சம்பளப் பட்டியலில் எழுதும்போது முதலாளிகூட பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசிப்பார். கண்ணக்கா என்றால் கண்ணால் வந்த பெயர். துணி வியாபாரி ஒருவர் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து, இதே நிறத்தில் எனக்கு வேண்டும் என்பார். எந்தச் சாயத்தோடு எதைக் கலந்தால் அந்த நிறம் வரும் என்று சின்னக் குவளையில் கலந்து, ஒரு வெள்ளைத் துண்டை அதில் வேகவைத்து, காயப்போட்டு, விளக்குக்கு அடியில் வியாபாரியின் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ சொல்ல வேண்டும். சொல்கிறவள் கண்ணக்கா. அவள் சொன்ன பிறகுதான் பெரிய தொட்டிகளில் தண்ணீர் ஏறும்.

நிறம் அளக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது என்று முதலாளிக்கும் தெரியும். விலையையும் விசாரித்தார். விசாரித்த கையோடு, 'கண்ணக்கா இருக்கும்போது அது எதுக்கு' என்று சொல்லிவிட்டார். அதில் பாதி மரியாதை, பாதி கஞ்சத்தனம். கண்ணக்கா முழுவதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள்.

லேப் என்று அவர்கள் சொல்கிற அந்த அறையில் ஒரு சுவருக்கு மட்டும் சாம்பல் நிறம். அழகுக்காக அடித்ததல்ல, பார்த்தால் தூக்கம்தான் வரும். காரியம் வேறு. சிவப்புத் துணியை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த துணியைப் பார்த்தால், அதில் இல்லாத பச்சை தெரியும். பச்சையைப் பார்த்துவிட்டுப் பார்த்தால் சிவப்பு தெரியும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் அந்தச் சாம்பல் சுவரைப் பார்த்துக் கண்ணை அலம்பிக்கொள்ள வேண்டும்.

"கண்ணு இருக்கே, அது பெரிய பொய்க்காரி. முன்னாடி பார்த்ததைப் பின்னாடி பார்க்கறதுல கொண்டுபோய்ச் சேர்த்துடும்" என்று கண்ணக்கா சொல்வாள். கண்ணின் களவாணித்தனம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. கண்ணுக்குப் பின்னால் மனசு என்று ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறதே, அதை எந்தச் சுவரைக் காட்டி அலம்புவது? அதை அவள் யோசித்ததில்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆகும்வரை யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

தம்பி என்றால் அவளுக்கு உயிர். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பாள். கேட்டவர்கள் நம்பினார்கள். தம்பி வளர்ந்து, ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே ஒரு பெண்ணையும் பார்த்துக்கொண்டான். மாடியில் அவர்கள் குடித்தனம், கீழே அக்கா. அந்தப் பெண்ணும் வேறொரு பட்டறையில் இதே வேலை பார்த்தவள். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள்.

"அக்கா, உன் பட்டறையில ஒரு வார்த்தை சொல்லேன்" என்றான் தம்பி.

சொன்னாள். சொன்ன வாயை அடுத்த வாரமே கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது.

தம்பி பெண்டாட்டி முதல் நாள் கலந்த துண்டு ஒரு இளம் ஊதா. சண்டித்தனம் பண்ணுகிற நிறம் அது. விளக்குக்கு அடியில் வைத்ததும் பக்கத்தில் இருந்த வியாபாரியின் துண்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "அட, பரவாயில்லையே!" என்றார். இருபது வருஷமாகக் கண்ணக்காவைப் பார்த்து அவர் 'அட' போட்டதில்லை. போதாததற்குத் தொட்டிக்காரர் வேறு வந்து சேர்ந்தார். பெரிய தொட்டிகளை ஓட்டுகிறவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைவலி வந்துவிடும் என்று நம்புகிறவர். எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பது அவர் வேலை.

"நமக்கு இனிமே ரெண்டு கண்ணுப்பா. இவங்க கண்ணக்கா, அவங்க புதுக்கண்ணு!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணக்காவும் சிரித்தாள். காதில் புகை வந்தது வெளியே தெரியவில்லை. புதுக்கண்ணு என்று ஒன்று வந்தால் மற்றது பழைய கண்ணு ஆகிவிடாதா? அன்றைக்குப் பூராவும் அந்தச் சொல் செருப்புக்குள் மாட்டிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

பொறாமை என்று அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பொறாமைப்படுகிறவர்கள் யார்தான் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்? 'வேலை சுத்தமா இருக்கணும்' என்று பெயர் வைத்தாள்.

இரண்டாவது வாரம் தம்பி பெண்டாட்டி ஒரு காப்பிப்பொடி நிறம் கலந்து கொண்டுவந்தாள்.

"யாருது?" என்று கேட்டாள் கண்ணக்கா, தலையைத் தூக்காமல்.

"என்னுதுக்கா."

கண்ணக்கா சாம்பல் சுவரைப் பார்த்தாள். முறைப்படி கண்ணை அலம்பினாள். பிறகு துண்டைப் பார்த்தாள். "சிவப்பு எட்டிப் பார்க்குது" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் பொய் சொல்லவில்லை. வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறவளாக இருந்தால் இந்தக் கதையை எழுதவே வேண்டாம், அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கண்ணக்காவுக்கு உண்மையாகவே சிவப்பு தெரிந்தது. துண்டின் அடியிலிருந்து மெல்லத் தலையை நீட்டுகிற சிவப்பு. கோயிலில் வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பாள்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. முதலில் 'யாருது?'. பிறகு சாம்பல் சுவர். பிறகு சிவப்பு. தம்பி பெண்டாட்டி மறுபேச்சுப் பேசமாட்டாள். "சரிக்கா" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடி கலப்பாள். ஒதுக்கின துண்டுகளைக் குப்பையில் போடாமல் வியாபாரியின் மாதிரியோடு சேர்த்துக் குத்தி, தேதி எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வாள். அதுவும் கண்ணக்காவுக்குப் பிடிக்கவில்லை. 'என்ன சேகரிப்பு வேண்டிக்கிடக்கு, தப்புக்குப் போய்' என்று முணுமுணுப்பாள். முதலாளியோ வியாபாரியோ ஒரு துண்டைப் பார்த்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்றால் அவர்களுக்குக் கண் போதாது. தம்பி பெண்டாட்டி ஒரு தடவை உண்மையாகவே பிசகினால், அது மாதக்கணக்கில் கண்ணக்காவின் ஞாபகத்தில் பத்திரமாக இருக்கும். சரியாக வந்த பத்துத் துண்டுகள் அன்று சாயங்காலமே மறந்துபோகும்.

வீட்டிலும் இதே கூத்துதான். தினமும் காலையில் மாடியிலிருந்து ஒரு டம்ளர் டீ வரும். தம்பிதான் கொண்டுவருவான். ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள் கண்ணக்கா.

"சக்கரையைக் கொட்டியிருக்கா. இத்தனை நாளாச்சு, உன் பெண்டாட்டிக்கு ஒரு டீ அளவு தெரியலையேடா."

"இன்னிக்கு நான்தான்க்கா போட்டேன். அவ இன்னும் எழுந்துக்கலை. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவுதான்."

இன்னொருத்தியாக இருந்தால் அசடு வழிந்திருக்கும். கண்ணக்கா டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "அவகிட்ட இருந்து பழக்கம் தொத்திக்கிச்சு உனக்கு" என்றாள்.

இப்படியிருக்கும்போது ஒரு பெரிய வேலை வந்தது. புதிதாகக் கட்டுகிற ஹோட்டல் ஒன்றின் அத்தனை ஜன்னல்களுக்கும் திரைத் துணி. நிறம், புறாவின் முதுகு நிறம். சாம்பல்தானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சாயத் தொழிலில் சாம்பலைப் போல ஆளை அழவைக்கிற நிறம் கிடையாது. கறுப்பில் தப்பு முங்கிவிடும், சாம்பலில் முங்காது. கொஞ்சம் சிவப்பு கூடினாலும் காட்டிக்கொடுக்கும், கொஞ்சம் பச்சை கூடினாலும் காட்டிக்கொடுக்கும்.

முதலாளி கண்ணக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு துண்டு போடுங்க. எது சரின்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இன்னொன்னு. உங்க தம்பி வீட்டுப் பொண்ணை நிரந்தரமா வச்சுக்கறதா, வேண்டாமா? இந்த வேலை முடிஞ்சதும் நீங்க சொல்றதுதான்."

"வேலையைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் கண்ணக்கா. பதில் அவளிடம் எப்போதோ தயாராக இருந்தது. இவள் இங்கே இல்லாவிட்டால் இன்னொரு இடம் கிடைக்காதா என்ன? தூரமாக ஒரு இடம்.

இருவரும் துண்டு போட்டார்கள். லேபில் காயப்போட இரண்டு கம்பிகள் உண்டு. ஜன்னல் பக்கக் கம்பி கண்ணக்காவுடையது, கதவுப் பக்கக் கம்பி தம்பி பெண்டாட்டியுடையது. அதோடு கண்ணக்காவுக்கு ஒரு பழைய பழக்கம். தன் துண்டில் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டிவிட்டு, அந்த மூலையிலேயே கிளிப்பை மாட்டித் தொங்கவிடுவாள். அன்று மத்தியானம் தொட்டிகள் ஓடவில்லை. சும்மா இருக்கிற தொட்டிக்காரரைப் பார்க்க முதலாளிக்குப் பொறுக்காது. சாம்பல் சுவர் அழுக்காகிவிட்டது, ஒரு கை பெயின்ட் அடியுங்கள் என்றார். அவரும் கம்பியில் தொங்கியதை எல்லாம் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே சுவரை அடித்து, காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதலாளி வந்து நின்றார். தொட்டிக்காரர் வேடிக்கை பார்க்க நின்றார். தம்பி பெண்டாட்டி கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். கண்ணக்கா ஜன்னல் பக்கத் துண்டைக் கிளிப்போடு எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். மனசு குளிர்ந்தது.

"இதுதான் ஷேடு" என்றாள்.

அடுத்தது கதவுப் பக்கத் துண்டு. சாம்பல் சுவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இதுவரை இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே இல்லை.

"சிவப்பு எட்டிப் பார்க்குது. எட்டிப் பார்க்குதா, வாசல்ல வந்து நிக்குது! இதை ஜன்னல்ல மாட்டினா வெயில் படுறப்ப அறை முழுக்கச் செம்மண் பூசின மாதிரி இருக்கும். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாச்சு. கண்ணுன்னா தானா வரணும், நாம என்ன செய்ய முடியும்?"

இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு அவள் அதுவரை அப்படிப் பேசியதில்லை. தம்பி பெண்டாட்டி கிட்டே வந்து, குனிந்து, துண்டைப் பார்த்தாள்.

"ஆமாக்கா. சிவப்பு தெரியுது" என்றாள் சன்னமான குரலில்.

முதல் துண்டு ஹோட்டல்காரருக்குப் போயிற்று. இரண்டாவது குப்பைக்கூடைக்குப் போயிற்று. கண்ணக்கா அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

இரண்டு நாளில் துண்டு திரும்பி வந்தது. 'பச்சை அடிக்கிறது, வேண்டாம்' என்று ஹோட்டல்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணக்கா 'சரி' சொன்ன துண்டு திரும்பி வருவது பட்டறையின் சரித்திரத்திலேயே இல்லாதது. முதலாளி ஒன்றும் சொல்லாமல் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். கண்ணக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நாலு மூலையும் முழுசாக இருந்தன.

இன்னொரு தடவை திருப்பினாள். ஒரு மூலையிலும் கத்தரிக்கோல் பட்டிருக்கவில்லை.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். நூல் பிசிறுக்கும் காகிதத்துக்கும் நடுவில் அந்த இன்னொரு துண்டு கிடந்தது, இன்னமும் கிளிப்பைக் கடித்துக்கொண்டு. கிளிப்பைக் கழற்றினாள். மூலை வெட்டியிருந்தது.

தொட்டிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். "சுவர் அடிச்சப்ப கம்பியில இருந்ததை எப்படி மாட்டினீங்க?"

"கையில வந்தபடி மாட்டினேன். ஏன், ரெண்டும் புறா நிறம்தானே? புறா இந்தக் கம்பியில உட்கார்ந்தா என்ன, அந்தக் கம்பியில உட்கார்ந்தா என்ன?"

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? தலைகால் புரியாத சந்தோஷம். திரும்பி வந்தது தன்னுடையதில்லை! பச்சை அடித்தது அவளுடையது! தான் போட்டது அச்சு அசலான ஷேடு, இதோ கையில் இருக்கிறது. இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறையைப் பார்த்து நடந்தாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டே போனாள். 'துண்டு மாறிப்போச்சு முதலாளி. திரும்பி வந்தது அவளுது. இதுதான் என்னுது.' இரண்டே வார்த்தை. பேரும் திரும்பிவிடும், தம்பி பெண்டாட்டியும் போய்விடுவாள்.

நடுவழியில் கால் நின்றுவிட்டது. முதலாளி கேட்பாரே. 'அப்ப உங்க துண்டையா செம்மண்ணுன்னு சொன்னீங்க?' என்று கேட்பாரே.

திரும்பி லேபுக்கே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் சுவரைச் சந்தேகப்பட்டாள். புதுப் பெயின்டில் கோளாறு, பச்சை கலந்த சாம்பலை அடித்துவிட்டான் பாவி. டப்பாவை எடுத்துப் பார்த்தால் பழைய டப்பாவேதான். விளக்கைச் சந்தேகப்பட்டாள். விளக்கு ஒரு பாவமும் அறியாது. கடைசியில் தன் துண்டை ஹோட்டல்காரர் கொடுத்த மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். சிவப்பு இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

பிறகு ஒரு காரியம் செய்தாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதே துண்டைப் பார்த்துக்கொண்டு, 'இது அவளுது' என்று மனசுக்குள் சொன்னாள். முதல் நாள் 'அட' என்ற முதலாளியின் குரலை நினைத்தாள். 'புதுக்கண்ணு' என்ற சிரிப்பை நினைத்தாள். மாடிப்படியில் தம்பியும் அவளும் பேசிச் சிரித்துக்கொண்டு இறங்குவதை நினைத்தாள்.

துண்டின் அடியிலிருந்து சிவப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

'இல்லை, என்னுது' என்றாள். மறைந்தது. 'அவளுது' என்றாள். வந்தது. கண்ணக்கா துண்டைக் கீழே போட்டுவிட்டாள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவள் தம்பி பெண்டாட்டி. கையில் பிஸ்கட் டப்பா.

"அக்கா, நான் முதலாளிகிட்ட சொல்லிட்டு வேலையை விட்டு நின்னுக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

கேட்க வேண்டும் என்று இத்தனை மாதமாகக் கண்ணக்கா காத்திருந்த வார்த்தை. இதோ, தானாகவே மடியில் வந்து விழுகிறது. "ஏன்?" என்றாள்.

"என் கண்ணு போயிடுச்சுக்கா. முதல்ல எல்லாம் நீங்க சிவப்புன்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் தெரியலை. ராத்திரி பூரா அதையே யோசிப்பேன். அக்காவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலைன்னா என் பார்வையிலதான் குறைன்னு ஒவ்வொரு தடவையும் சிவப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டே வந்தேன். இப்ப எனக்கும் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ஆனா எல்லாத்துலயும் தெரியுது. உங்க தம்பியோட வெள்ளைச் சட்டையில தெரியுது. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நான் எந்தப் பட்டறையில போய் நிக்கறது? வேற ஏதாவது தொழில்தான் பார்க்கணும்."

அவள் அழவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பட்டறையை விட்டுப் போகட்டும் என்று கண்ணக்கா நினைத்தது உண்மை. கண்ணை விட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்ததில்லை. இருபது வருஷமாக உட்கார்ந்து சோறு தின்ற அந்த ஒரே சொத்தை, இன்னொருத்தியிடமிருந்து தன் வாயாலேயே பிடுங்கியிருக்கிறாள்.

"டப்பாவை இப்படிக் கொடு" என்றாள். வாசலில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த தொட்டிக்காரரை உள்ளே இழுத்தாள். "நீங்க ஒண்ணு செய்யுங்க. இதுல இருக்கறதையும், அந்த டிராயர்ல இருக்கற என் துண்டுகளையும் ஒண்ணாக் கலந்துக்குங்க. ஒவ்வொண்ணா காட்டுங்க. மூலையைக் கட்டைவிரலால மூடிக்குங்க. யாருதுன்னு வாயைத் திறக்கக் கூடாது."

"சீட்டாட்டமா அக்கா?"

"ஆமா. தோத்தா நான்தான் தோக்கணும். காட்டுங்க."

அவர் காட்டினார். அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணக்கா ஒவ்வொன்றுக்கும் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சரி." "சரி." "கொஞ்சம் வெளிறல்." "நல்ல சரி." "பச்சை." "சரி." "பச்சை." வெட்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் துண்டு எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லிவிடுகிறது! எல்லாம் முடிந்ததும் கட்டைவிரலை எடுத்து, துண்டுகளைப் பிரித்து, தம்பி பெண்டாட்டியுடையதை வந்த வரிசைப்படி மேஜையில் பரப்பினார்கள். முதல் மாதத்துத் துண்டுகள் எல்லாம் சரி. அந்தக் காப்பிப்பொடி நிறம் 'நல்ல சரி'. கண்ணக்காவே கலந்திருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. நடு மாதங்களில் லேசாகப் பச்சை. கடைசி மாதங்களில் பச்சை, பச்சை, பச்சை. வாழை இலை முற்றுவது போல வரிசையாக முற்றிக்கொண்டு போயிருந்தது.

காப்பிப்பொடி நிறத்தைப் பார்த்தபோதும் கண்ணக்காவின் வயிறு எரிந்தது. அப்போதும்கூட. திருந்திவிட்டாள், மனசு தெளிந்த நீரோடையாகிவிட்டது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. எரிகிற வயிற்றோடுதான் அவள் நிமிர்ந்து சொன்னாள்.

"உன் கண்ணுல ஒரு குறையும் இல்லைம்மா. நீ வந்தப்ப கொண்டுவந்த கண்ணு நல்ல கண்ணு. நான்தான் அதைக் கெடுத்தேன். இல்லாத சிவப்பை இருக்குன்னு சொன்னேன்."

தம்பி பெண்டாட்டி அவளையே பார்த்தாள். "தெரிஞ்சேவா அக்கா?"

கண்ணக்கா மேஜையில் கிடந்த கடைசி மாதத்துத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். "தெரியாமத்தான். ஆனா அது எனக்குத் தெரியாம இருந்தது எனக்குச் சௌகரியமா இருந்துது" என்றாள். "உனக்குச் சொன்னா புரியாது."

"புரியுதுக்கா" என்றாள் அவள். கோபமா மன்னிப்பா என்று குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. "உங்க தம்பி எதைச் செஞ்சாலும் 'அக்கான்னா இப்படிச் செய்வா'ன்னு சொல்வார். எனக்கும் எரியும்" என்றாள்.

கண்ணக்காவுக்கு இது செய்தியாக இருந்தது. அதைப் பிற்பாடு மெதுவாக நினைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

முதலாளி அறையில் இரண்டு துண்டையும் வைத்து நடந்ததைச் சொன்னாள். எதையும் மென்று முழுங்கவில்லை. முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப மெஷின் வாங்கிடலாமா?" என்றார்.

"வாங்குங்க. வாங்கறவரைக்கும் ஒரு வழி இருக்கு. இனிமே யார் துண்டுன்னு எனக்குத் தெரியக் கூடாது. அவளுக்கும் தெரியக் கூடாது. அவ இருக்கணும். பழைய கண்ணு அவளுக்குத் திரும்பி வர்றவரைக்கும் அவ போடறது பச்சை அடிக்கும். அந்த நஷ்டத்தை என் தலையில எழுதுங்க."

அன்றிலிருந்து கத்தரிக்கோல் மேஜை டிராயருக்குள் போயிற்று. கம்பிக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போயிற்று. தொட்டிக்காரர் துண்டுகளைக் கலைத்து, யாருடையது எது என்று தன் மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, விளக்குக்கு அடியில் வைப்பார். அவருக்கு வந்த தலைவலியைப் பற்றித் தனியாக ஒரு கதையே எழுதலாம்.

ஹோட்டல்காரர் இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். கண்ணக்கா ஒதுக்கின தன் துண்டையே அனுப்பியிருக்கலாம், முதலாளியும் அதைத்தான் சொன்னார். அவள்தான் வேண்டாம் என்றாள். இருவரும் புதிதாகப் போடட்டும், எது சரியோ அது போகட்டும் என்றாள். நாலைந்து நாள் தம்பி பெண்டாட்டி கலந்தாள், கொட்டினாள், கலந்தாள். கலப்பதற்கு முன்னால் அந்தப் பழைய காப்பிப்பொடித் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். கண்ணக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அவள் செய்யக்கூடிய உதவி என்று தெரிந்துகொண்டிருந்தாள்.

பார்க்கிற நாளில் முதலாளி வந்து நின்றார். தொட்டிக்காரர் இரண்டு துண்டுகளை வைத்தார். கண்ணக்காவின் நாக்கு நுனியில் 'யாருது?' வந்து நின்றது. விழுங்கினாள். சுவரைப் பார்த்தாள். முதல் துண்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். இரண்டாவது துண்டைப் பார்த்தாள்.

"ரெண்டும் போகலாம். ஆனா இது" என்று இரண்டாவதைத் தொட்டாள். "இது புறாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு."

தொட்டிக்காரர் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். "அது புதுக்கண்ணுதுக்கா!"

முதலாளி "அட!" என்றார்.

அந்த 'அட' நேராக வந்து கண்ணக்காவின் வயிற்றில் விழுந்தது. எத்தனை வருஷத்துக் கண், எத்தனை ஆயிரம் துண்டு! ஆனால் 'அட' கிடைத்ததோ தம்பி பெண்டாட்டிக்கு. பொறாமை, பச்சையான, அப்பட்டமான பொறாமை. இந்தத் தடவை அவள் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை.

தம்பி பெண்டாட்டி கிட்டே வந்தாள். நம்ப முடியாமல் துண்டையும் கண்ணக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிஜமாவாக்கா? இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க. சிவப்பு இல்லையே?"

கண்ணக்கா துண்டைப் பார்த்தாள். இப்போது அது யாருடையது என்று தெரியும். பார்க்கப் பார்க்க அடியிலிருந்து, மெல்ல, சிவப்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

துண்டிலிருந்து கண்ணை எடுத்துச் சாம்பல் சுவரில் வைத்தாள்.

"இல்லைம்மா" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "யாருதுன்னு தெரியறதுக்கு முன்னாடி பார்த்தேன். அப்ப இல்லை. அதையே எழுதி அனுப்பச் சொல்லு."